‘மொளச்சிருக்கு’ என்றார் அண்ணாச்சி

ஒரே ஒரு சொல்லுக்குக் காவல் நிற்பதற்காக ஒரு மனிதர் கடை வைத்து, நல்ல வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு, சுற்று வட்டாரம் முழுவதையும் பகைத்துக்கொண்டார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். திருச்சுழி பஜாரில் மொளை அண்ணாச்சியிடம் கணக்கு எழுதப் போகாமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். போனேன். அனுபவித்தேன். வருஷம் இத்தனை ஆகியும் அவரை நினைத்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அது யுத்த காலம். நூல் கிடைக்கவில்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருத் தறிகள் எல்லாம் சத்தமில்லாமல் கிடந்தன. வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள் நாங்கள். அந்த நாட்களில் இரண்டு பாஷையிலும் பஞ்சப் பாட்டே பாடிக்கொண்டிருந்தோம். எனக்குக் கல்யாணமாகிக் கையில் ஒரு பிள்ளையும் இருந்தது. திருச்சுழியில் ஒரு விதைக் கடைக்குக் கணக்குப்பிள்ளை வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாரம் முழுக்க அங்கே கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை கரி பஸ்ஸில் வீடு. பெட்ரோல் இல்லாத காலத்தில் பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டிய பஸ் அது. பாதி வழி அது நம்மைச் சுமக்கும், மீதி வழி நாம் அதைத் தள்ள வேண்டும்.

கடையில் இருங்குச் சோளம், கம்பு, குதிரைவாலி, மல்லி, பருத்திக்கொட்டை எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். கரிசல் காட்டுக்கு ஏற்ற விதை அண்ணாச்சி கடையில்தான் என்பதில் நரிக்குடியிலிருந்து பரளச்சி வரை யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வந்து வாங்கத்தான் பயப்பட்டார்கள். காரணம், வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி.

“மொளைக்குமா அண்ணாச்சி?”

நியாயமான கேள்விதானே? விதை வாங்குகிறவன் வேறு எதைக் கேட்பான்? அண்ணாச்சியின் காது சிவந்துவிடும். மூட்டைக்குள் விட்ட கையை எடுத்துவிடுவார். “மொளைக்குமான்னு மழைகிட்டப் போய்க் கேளு. மொளைக்கிற வெதையான்னு என்கிட்டக் கேளு” என்பார். வந்தவனுக்கு வித்தியாசம் புரியாது. புரியவில்லை என்று சொன்னால் விளக்கம் ஆரம்பமாகிவிடும். சிலர் விளக்கம் முடிவதற்குள் எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு போய் விதைத்தும் இருப்பார்கள்.

அவருடைய சட்டம் இதுதான். தண்ணீரில் போட்ட விதை முதலில் ஊறுகிறது. பிறகு உப்புகிறது. பிறகு வெள்ளையாக ஒரு நுனி நீட்டுகிறது. அதற்குப் பெயர் வால். இது எதுவும் முளைத்தது ஆகாது. மண்ணுக்குள் கிடந்த விதை தன் பலத்தால் மண்ணை முட்டித் திறந்து தலையைக் காட்ட வேண்டும். அதுதான் முளைத்தல். அந்தச் சொல்லை வேறு எதற்கும் தொடக்கூடாது. உலகத்தில் விதை ஒன்றுதான் முளைக்கும். மற்றதெல்லாம் வரும், போகும், நீளும், நிற்கும்.

இந்தச் சட்டம் எனக்குத் தெரியாத புதிதில் ஒரு திங்கட்கிழமை சந்தோஷமாகக் கடைக்குள் நுழைந்து, பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு தகப்பன் சொல்லக்கூடிய சாதாரணச் செய்தி. மற்றவர்களாக இருந்தால் ஒரு வெல்லக்கட்டியாவது கையில் கொடுப்பார்கள். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார்.

“எத்தனை வெதை போட்ட வாய்க்குள்ள?”

பல் முளைக்காது, ஈறுக்குள் இருந்த பல் வெளியே வரும், அவ்வளவுதான் என்றார். மீசை முளைக்காது, றெக்கை முளைக்காது, ஒருத்தனைப் பார்த்து நீ எங்கேயிருந்து முளைத்தாய் என்று கேட்பவன் விதையையும் அவமானப்படுத்துகிறான், அந்த ஆளையும் அவமானப்படுத்துகிறான் என்றார். என் பிள்ளையின் முதல் பல்லைப் பற்றிக் கடைசி வரை அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

பஸ் நிற்கிற இடத்தில் புதிதாக ஒரு காப்பி கிளப் வந்தது. யாரோ வந்து, பஜாரில் புது கிளப் முளைச்சிருக்கு என்று சொல்லித் தொலைத்தார்கள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே அங்கே போனார். போனவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையைக் காலால் கிளறிப் பார்த்தார், பிறகு முதலாளியிடம் இதற்கு என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார். அந்த அப்பாவி, தன் கடையின் வளர்ச்சியைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து, எல்லாம் ஆண்டவன் புண்ணியம் என்று சொல்லி ஒரு காப்பியும் கொடுத்தார். அண்ணாச்சி காப்பியைக் குடித்துவிட்டு வந்து, ஒரு கிளப்காரனுக்குக்கூடச் சொல்லின் அருமை தெரியவில்லை என்று என்னிடம் சாயங்காலம் வரை பொரிந்தார். நான் என்ன செய்தேன்? கேட்டுக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

இதைவிட ஒரு கொடுமை உண்டு. சாக்கு வாங்க அருப்புக்கோட்டைக்கு வந்த இடத்தில் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி முளைகட்டிய பாசிப்பயறைத் தாளித்து எடுத்து வந்தாள். வைக்கும்போது, இந்த ‘மொளகெ’ அவர் சாப்பிடுவாரா என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டாள். மனிதர் கையை எடுத்துவிட்டார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். கன்னடத்தில் முளைக்கு அதுதான் பெயர் என்றேன். அவருக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். சொல்லை எங்கள் தெரு மொத்தமும் வைத்துக்கொண்டு இத்தனை நாளாகத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நான் ஏதோ களவுச் சொத்தைப் பரணில் ஒளித்து வைத்த மாதிரிப் பேசினார். என் மனைவி சும்மா இருக்கிற ஆள் இல்லை. “அந்தச் சொல்லுக்கு அண்ணாச்சி பேருல பட்டாவா போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டாள். அண்ணாச்சி கிண்ணத்தைக் கிட்டத்தில் இழுத்து ஒரு பயறை எடுத்துப் பார்த்தார். பிறகு, இது வால்தானே, முளை இல்லையே, இதற்கு உங்கள் பாஷையில் என்ன என்று அவளிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். தெரியாது என்றாள். அப்படியானால் உங்கள் பாஷையிலும் தப்பாகத்தான் சொல்கிறீர்கள் என்று திருப்திப்பட்டு முழுக் கிண்ணத்தையும் காலி செய்தார்.

இதையெல்லாம் கோட்டித்தனம் என்று தள்ளிவிடலாம். நானும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்த மோசமான வருஷம் வந்தது.

அதற்கு முந்தின வருஷம் மழை பொய்த்ததில் காட்டுக்காரர்கள் விதைக்கு வைத்திருந்ததையும் குத்திக் கஞ்சி காய்ச்சிவிட்டார்கள். சர்க்காரில் விதை கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். எந்த இலாகா என்று கேட்காதீர்கள். நான் சொல்லப் போவதில்லை. எங்கிருந்தோ லாரியில் சோளம் வந்து இறங்கியது. பரளச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே எல்லாரும் அந்தச் சோளத்தை வாங்கி, ஐப்பசியில் முதல் மழைக்கு விதைத்தார்கள். கொஞ்ச நாளில் காடு வெறும் காடாகக் கிடந்தது. பயிர் இல்லை.

ஊர்க்காரர்கள் மனுப் போட்டார்கள். விதை முளைக்கவில்லை என்றால் மாற்று விதை கொடுக்க உத்தரவு உண்டு; முளைத்த பிறகு பட்டுப்போயிருந்தால் அது மழையின் குற்றம், சர்க்கார் பொறுப்பில்லை. விசாரணைக்கு ஓர் அதிகாரி காரில் வந்தார். விதையைக் கொடுத்தவர்கள் முளைத்தது என்கிறார்கள், வாங்கியவர்கள் முளைக்கவில்லை என்கிறார்கள், எனக்குப் பொதுவான ஆள் ஒருவர் வேண்டும் என்றார். ஊர் ஒரே குரலில் மொளை அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள் என்றது.

ஊருக்கு அவ்வளவு தைரியம் இருந்ததற்குக் காரணம் உண்டு. சர்க்கார் விதை வந்ததால் அந்த வருஷம் அண்ணாச்சி கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த விதையைப் பற்றி அவர் ஏன் நல்ல வார்த்தை சொல்லப் போகிறார்? நானும் கூடப் போனேன். எனக்கும் அதே நினைப்புத்தான்.

காட்டில் ஊரே நின்றது. முன்னால் சீனியம்மா. புருஷன் இல்லாமல், தன் கையாலேயே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி. மனுவுக்கு ஆள் சேர்த்தவளும் அவள்தான். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். முழங்காலிட்டார். பிறகு குனிந்து, மண்ணை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தார். விரலால் மெல்லச் சுரண்டி எதையோ எடுத்தார். நூல் மாதிரி வெளிறிய ஒரு தண்டு. நுனியில் கருகிச் சுருண்ட ஒரே இலை. மண்ணுக்கு மேலே வந்து, நின்று பார்த்து, பட்டுப்போனது. இன்னும் நாலு இடத்தில் சுரண்டினார். எல்லா இடத்திலும் அதுதான்.

“முளைச்சிருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார் அதிகாரி.

அண்ணாச்சி எழுந்தார். உள்ளங்கையில் அந்தச் சருகு. ஊர் அவர் வாயையே பார்த்தது.

“மொளச்சிருக்கு” என்றார். “ஆனா...”

“ஆனா எல்லாம் வேண்டாம். நான் கேட்டதுக்குப் பதில் வந்தாச்சு.”

எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். காரில் ஏறினார். அண்ணாச்சிக்கு அப்போதுதான் நடந்தது உறைத்தது. முளைத்தது வாஸ்தவம், ஆனால் வண்டு குடைந்த பழைய விதை, தலையைக் காட்டியதோடு அதன் சத்து தீர்ந்துவிட்டது, மழைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டே காருக்குப் பின்னால் ஓடினார். அந்த உடம்பு ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வேட்டி அவிழ, ஆனா, ஆனா என்று கத்திக்கொண்டு புழுதிக்குள் ஓடுகிறார். கார் போய்விட்டது.

திரும்பி வந்தபோது யாரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சீனியம்மாதான் பேசினாள்.

“நல்லா இருங்க அண்ணாச்சி. ஒங்க சொல்லு பொழச்சிருச்சு. நாங்க பொழைக்கிறதுக்கு என்ன வழின்னு இனி நாங்க பாத்துக்கிறோம்.”

கூட்டம் கலைந்தது.

பஸ் வழியில் நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே அவரை ஒரு பிடி பிடித்தேன். நீங்கள் பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியிருந்தால் போதுமே, ஒரு ஊர் பிழைத்திருக்குமே, உங்கள் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றேன். முதலாளியிடம் பேசுகிற பேச்சா? இல்லைதான். அவர் பஸ்ஸில் கையை ஊன்றியபடி குனிந்திருந்தார்.

“ஆட்டியிருக்கலாம்” என்றார். “அந்த நேரத்துல கழுத்து திரும்பலையே, கணக்குப்பிள்ளை.”

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வரவில்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்குள் என்னென்னவோ உருளுகிற சத்தம். அண்ணாச்சி தன் இருங்குச் சோள மூட்டைகளை ஒவ்வொன்றாக வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் பருவம் முழுவதும் விற்பதற்கு என்று வைத்திருந்த விதை. இரண்டு வண்டி பிடித்து ஏற்றினோம். வழி நெடுக அந்த அதிகாரியைத் திட்டினார், வண்டைத் திட்டினார், லாரியைத் திட்டினார், கேள்வியை ஒரே வார்த்தையில் கேட்கிற பழக்கத்தை எவன் கொண்டுவந்தான் என்று திட்டினார்.

ஊர் எங்களை உள்ளே விடவில்லை. சீனியம்மா வண்டிக்கு முன்னால் வந்து நின்று, உங்கள் விதை எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். கெஞ்சத் தெரியாத மனிதர் கெஞ்சினால் அதுவும் அதட்டல் மாதிரிதான் கேட்கும். “நல்ல வெதை. எடுத்துக்கிறதுக்கு என்ன கேடு?” என்றார். அவர்கள் அசையவில்லை. கடைசியில் மூட்டைகளை ஊர்ச் சாவடியில் இறக்கிவிட்டு, எடுத்தால் எடுங்கள், எடுக்காவிட்டால் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அன்று பொழுது சாயும்போது பிடித்த மழை விடவே இல்லை. அந்தப் பூமிக்கு அப்படி ஒரு மழை எப்போதாவதுதான் வரும். விதைத்திருந்தால் பொன்னாக விளையும். விதை சாவடியில் கிடக்கிறது. காடு காலியாகக் கிடக்கிறது. அண்ணாச்சி கடை வாசலில் நின்று மழையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மழையையும் திட்டியிருப்பார், மனசு வரவில்லை போலிருக்கிறது.

மழை விட்டு வானம் வெறித்த அன்று சீனியம்மா கடைக்கு வந்தாள். அவ்வளவு தூரம் சேற்றில் நடந்தே வந்திருந்தாள். தலையில் கோணிப்பையைக் குல்லாய் மாதிரி மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சாவடிக் கூரை ஒழுகி மூட்டையெல்லாம் நனைந்துவிட்டது, தொடக்கூடாது என்று ஊர் கட்டுப்பாட்டோடு பார்த்துக்கொண்டே இருந்தது, இப்போது நிலைமை கைமீறிவிட்டது என்றாள்.

“சாக்கைக் கிழிச்சுக்கிட்டு மொளச்சு நிக்கிது. பாக்கப் பொறுக்கல.”

அந்த நேரத்திலாவது மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமா? இருக்க மாட்டார். “சாக்குல எப்பிடி மொளைக்கும்? அது வாலு” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சீனியம்மா கடையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் கடை கூட்டுகிற வாரியல் இருந்தது. அதை எடுப்பாள் என்றே நினைத்தேன்.

“வாலோ கொம்போ, இன்னைக்கே ஊனுனா உண்டு, இல்லாட்டி எல்லாம் அழுகிப் போகும். வாரீகளா, இல்ல ஆட்டப் பத்திவிட்டு மேய விடவா?”

அண்ணாச்சி கடையைத் திறந்து போட்டபடியே கிளம்பினார். நான்தான் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மழை பெய்த கரிசலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் ஏர் இறங்காது. கால் வைத்தால் கால் உங்களுடையது இல்லை. கையால் குழி குத்தி, வால் ஒடியாமல் ஒவ்வொரு விதையாக ஊன்றினால்தான் உண்டு. ஆண், பெண், பிள்ளைகள் என்று ஊர் முழுவதும் இறங்கியது. அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே ஊன்றினார்கள். ஒரு குழிக்கு ஒரு திட்டு. அவரும் சும்மா இல்லை. ஆழமாக ஊன்றாதே, தலைகீழாக வைக்காதே, உனக்கு எவன் விவசாயம் சொல்லிக் கொடுத்தான் என்று காடு முழுக்க ஓடி ஓடிச் சண்டை போட்டார். ஓரிடத்தில் முழங்கால் வரை புதைந்துவிட்டார். அவரைப் பிடுங்கி எடுக்க ஆட்கள் வர வேண்டியிருந்தது. பிடுங்கினார்கள். பிடுங்கும்போதும் திட்டினார்கள், திட்டும்போதே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் முதன்முதலாகக் கட்டுப்பாடு கொஞ்சம் உடைந்தது.

பயிர் வந்தது. பிரமாதமான விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். அழுகியது போக, ஆடு கடித்தது போக, கஞ்சிக்கும் அடுத்த வருஷ விதைக்கும் ஆயிற்று. ஊரைவிட்டு யாரும் போகவில்லை. அது போதும்.

அறுப்பு முடிந்து சீனியம்மா ஒரு கட்டுக் கதிரோடு கடைக்கு வந்தாள். தராசுத் தட்டில் போட்டாள். விதைக்குப் பதிலா என்று அண்ணாச்சி சிடுசிடுத்தார்.

“வெதைக்கு இல்ல” என்றாள். “அன்னைக்குக் காருக்குப் பின்னாடி ஓடுனீகள்ல, அதுக்கு.”

“நான் ஓடல. வெரசா நடந்தேன்.”

அவள் போன பிறகு அவர் மணி உதிர்த்துப் பார்க்கக் குனிந்தவர், நெடுநேரம் நிமிரவில்லை. நான் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்தது. தட்டுப்பாடு ஒரேயடியாகத் தீரவில்லை என்றாலும் நூல் மறுபடியும் கைக்கு வரத் தொடங்கியது. நான் தறிக்குத் திரும்புவதாகச் சொன்னேன். அண்ணாச்சி, போகிறவனை யார் பிடித்து வைத்தார்கள் என்று சொல்லிவிட்டு மல்லி மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டார். கிளம்பும்போது ஒரு வார்த்தை இல்லை. இத்தனை நாள் கூட இருந்தவனிடம் இப்படியா நடந்துகொள்வது என்று பஸ் அருப்புக்கோட்டை போய்ச் சேரும் வரை எனக்கு ஆறவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் பஸ் கண்டக்டர் எங்கள் வீட்டைத் தேடி வந்து ஒரு சின்னத் துணி முடிச்சைக் கொடுத்தார். அண்ணாச்சி கொடுத்துவிட்டாராம். பிரித்தால் உள்ளே அவரைக்காய் விதை. சொல்லி அனுப்பியது ஒன்றும் இல்லை. நெசவுக்காரன் வீட்டில் பாவு உண்டு, ஊடை உண்டு, தறிக்குழி உண்டு. விதைக்க மண் எங்கே இருக்கிறது? வாசல் முதல் கொல்லை வரை கல் பாவிய வீடு. வந்து உட்கார்ந்து சாப்பிட்டும் போனாரே, இதுகூடத் தெரியாதா அந்த மனிதருக்கு என்று என் மனைவியிடம் கத்தினேன். கத்திக்கொண்டே கடப்பாரையை எடுத்து, முற்றத்தில் வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து, ஒரு கல்லைப் பெயர்த்தேன்.